சேம்பர்

சென்னை

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. லண்டனில் வக்கீல் பயிற்சிக்குச் சேர்ந்த இடத்தின் வாசலில் 'சேம்பர்ஸ்' என்று பன்மையில் எழுதியிருக்கிறதே, எனக்குக் கிடைத்ததோ ஜன்னலோரம் ஒரு மேசைதானே என்று கேட்டிருந்தாய். வக்கீல் குமாஸ்தாவாக முப்பத்தொரு வருஷம் அந்தச் சொல்லோடு புழங்கியவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன்.

இங்கே 'ஐயா சேம்பருக்குப் போய்விட்டார்' என்றால் நீதிபதி ஆசனத்தை விட்டு எழுந்து தம் அறைக்குள் போய்விட்டார் என்று பொருள். வக்கீலின் சேம்பர் என்றால், கட்சிக்காரர்கள் கதவோரம் காத்திருக்க, கேஸ் கட்டுகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருக்கும் அலுவலகம். நம் வீடு கட்டத் தொடங்கிய அன்று கொத்தனார் கேட்ட முதல் கேள்வி, 'சேம்பர் கல்லா, நாட்டுக் கல்லா?' என்பதுதான். அறை அறையாகப் பிரித்த சூளையில் நெருப்பை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்திச் சுடும் செங்கல்லுக்குத்தான் அந்தப் பெயர் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கிரேக்க மொழியில் 'கமாரா' என்பது வளைந்த கூரையுள்ள இடம். அது லத்தீனில் 'கேமரா' ஆகி, பிரெஞ்சு வழியாக, 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆங்கிலத்தில் 'சேம்பர்' என்று புகுந்தது. மன்னர் உறங்கும் அறையிலேயே அவருடைய பணப்பெட்டியும் இருந்ததால், அறையைக் காத்தவர் வரவுசெலவையும் பார்க்க, படுக்கையறையின் பெயர் மெல்ல மெல்ல அலுவலகத்தின் பெயராயிற்று. நமக்கு இது புதிதில்லை. பள்ளி என்றால் உறங்கும் இடம், ஆனால் பள்ளிக்கூடத்தில் உறங்கினால் உதை விழும்.

உங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயரும் உண்டு. வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில், கூரையில் நட்சத்திரங்கள் தீட்டிய அறையொன்றில் கூடிய 'ஸ்டார் சேம்பர்' நீதிமன்றம், ஜூரி இல்லாமலே விசாரித்து, திருச்சபை ஆயர்களை எதிர்த்து எழுதியவர்களின் காதை அறுக்கும் அளவுக்குப் போனது; 1641-இல் நாடாளுமன்றம் அதை ஒழித்தது. மூடிய கதவின் மீதுள்ள அந்தச் சந்தேகம் நியாயமானதுதான் என்றாலும், சில வழக்குகளுக்குக் கதவை மூடத்தான் வேண்டியிருக்கிறது. குடும்ப வழக்கொன்றில் 'இன் கேமரா', அதாவது மூடிய அறைக்குள், விசாரணை என்று உத்தரவான மறுநாள், எங்கள் கட்சிக்காரர் ஒருவர் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் வந்து, 'படம் எப்போது எடுப்பார்கள்?' என்று என்னிடம் கேட்டார். நான் சிரிக்கவில்லை. அவரும் முழுக்கத் தவறில்லை. இருட்டறையின் சிறு துளை வழியே வெளிக்காட்சி தலைகீழாய்ச் சுவரில் விழும் 'கேமரா அப்ஸ்கியூரா'விலிருந்துதானே படம் பிடிக்கும் பெட்டிக்கே பெயர் வந்தது.

இனி உன் பன்மைக்கு வருகிறேன். லண்டனில் வக்கீல் சங்கங்களான நான்கு 'இன்'களிலும், நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல்களான பாரிஸ்டர்கள் பல அறைகள் கொண்ட தொகுதிகளை எடுத்துக்கொண்டார்கள், அதனால்தான் 'சேம்பர்ஸ்'. அங்கே யாரும் யாருக்கும் சம்பளக்காரர் இல்லை. அவரவர் வழக்கு அவரவருக்கு. வாடகையும் கிளார்க்கும் மட்டும் பொது. மாடிப்படி வாசலில் பெயர்களை வரிசையாக எழுதியிருப்பார்களே, அதில் கிளார்க் பெயர் இருக்கிறதா என்று பார். வழக்குகளைப் பங்கிட்டுக் கட்டணம் பேசி முடிப்பவர் அவர்தான். காலையில் முதல் வணக்கத்தை அவருக்கே சொல்.

ஒரே அறையில் தங்கிய சிப்பாய்களை ஸ்பானிஷ்காரர்கள் 'கமராதா' என்றார்கள். ஆங்கிலத்தில் அது 'காம்ரேட்' ஆனது; நாம் அதைத் தோழர் என்கிறோம். அந்தச் சொல்லின் கிளைகளில் எனக்குப் பிடித்தது இதுதான். உன்னோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் பெண்ணின் பெயரை இதுவரை நீ எழுதவேயில்லை. அம்மா பருப்புப் பொடி இரண்டு பொட்டலம் கட்டியிருக்கிறாள்; அந்தப் பெண்ணுக்காகக் காரம் குறைத்து அரைத்தது மேலே இருக்கும்.

அன்புடன்,
அப்பா