பன்னிரண்டாம் ஸ்டாண்டு என்கோடர்

கும்மிடிப்பூண்டி
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். பெரியவள் பத்தாவது போய்விட்டாள். சுத்தியல் மாமா ரிட்டயர் ஆகி ஊரோடு போய்விட்டார். போகும்போதும் உன்னைத்தான் கேட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் இரண்டாம் ஷிஃப்டில், நம் கம்பி மில்லில், கம்பியை நசுக்கித் தள்ளும் உருளை வரிசையின் பன்னிரண்டாம் ஸ்டாண்டில் கோப்பிள்: கம்பி தடம் விட்டு வெளியே பாய்ந்துவிட்டது. உனக்கு அது புதிதில்லை. ஆனால் இந்தத் தடவை பழுத்த கம்பி சீறி எழும்பி, புது ஹெல்பர் பையனின் தோளுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. இருபது வயது. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். அவன் அம்மாதான் மதியச் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் கேட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை மாப்ளே.

மோட்டார் வேகத்தை ஆளும் டிரைவில் பதிவை எடுத்துப் பார்த்தேன். மோட்டார் சுற்றுவதைப் பல்ஸாக, அதாவது மின் துடிப்பாக, எண்ணி அனுப்பும் என்கோடரிலிருந்து பல்ஸ் விட்டுவிட்டு வந்திருக்கிறது. பல்ஸ் குறைந்தால் மோட்டார் மெதுவாக ஓடுகிறது என்று டிரைவ் வேகத்தைக் கூட்டும். அடுத்த ஸ்டாண்டு இழுக்கிற அளவைவிட அதிகமாகக் கம்பி வந்து நடுவில் குவியும். அப்புறம் மேலே எழும்பாமல் என்ன செய்யும்? நம்முடையது சுற்றுக்கு 1024 பல்ஸ். மோட்டார் நிமிடத்துக்கு 1200 சுற்று ஓடும்போது விநாடிக்கு 20,480 பல்ஸ் வரவேண்டும்.

நான்கு மாதத்தில் இது மூன்றாவது என்கோடர். ஒவ்வொரு தடவையும் 'தண்ணீர் போயிருக்கும், புதுசு மாட்டு' என்று எழுதிக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. இந்த முறை ஸ்கிராப்பில் போட விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையிலேயே பிரித்தேன்.

மூடியைக் கழற்றியதும் கண்ணாடித் தட்டு தெரிந்தது. சூடான டீ கிளாஸுக்கு மேல் பிடித்த மூக்குக்கண்ணாடி மாதிரி மங்கிப்போய், ஓரத்தில் மஞ்சள் கறையோடு. மயிரிழைக் கோடுகளுக்கு நடுவே வெளிச்சம் ஊடுருவினால்தானே அந்தப் பக்கம் இருக்கிற சென்சார் எண்ணும்?

உடம்பில் ஐபி 67 என்று, தூசி தண்ணீர் புகாது என்கிற தரக்குறி எழுதியிருக்கிறது. அது பொய்யில்லை. 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் போட்டு எடுத்தால் கெடும் அளவுக்கு உள்ளே தண்ணீர் போகாது. ஆனால் நம் மில்லில் நடப்பது வேறு. ஓடும்போது கை வைக்க முடியாத சூடு. ஷட்டவுன் ஆனதும், கம்பியிலிருந்து உதிர்ந்த இரும்புச் செதிலான ஸ்கேலைக் கழுவ ஹோஸைப் பிடிக்கிறார்கள், சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாக வெளி ஈரத்தை உறிஞ்சுகிறது. தினம் ஒரு மூச்சு. போதாக்குறைக்கு, கேபிள் உள்ளே நுழைகிற கிளாண்ட் மேலே பார்த்து இருந்தது. கேபிளில் வழிகிற தண்ணீர் நேராக அதன் வாயில்தான் நிற்கும். கேபிளைக் கீழே தொங்கவிட்டு வளைத்து ஏற்று என்று நீ தொண்டை வறளக் கத்துவாயே, அதெல்லாம் நீ போனதோடு போய்விட்டது.

பேரிங்கைக் கையில் சுற்றியபோது கரகரவென்று இருந்தது. அறுத்து லென்ஸில் பார்த்தேன். உள்பாதை முழுக்க, புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி வரிவரியாகப் பள்ளம்! மண் அரைத்தால் இப்படிச் சீராக வராது, இது ஷாஃப்ட் கரண்ட், மோட்டார் தண்டு வழியாக வந்து பேரிங்கில் பாய்கிற மின்சாரம். டிரைவால் வருகிற கரண்டுக்காக மோட்டாரின் பேரிங்கை இன்சுலேட் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வழி அடைபட்டதும் அது என்கோடரின் சின்ன பேரிங்கைப் பிடித்துக்கொண்டது. ஆக, மூன்று என்கோடரையும் தண்ணீர் மட்டும் கொல்லவில்லை. மாமா சுத்தியலால் தட்டி மாட்டியதுதான் காரணம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். அது அநியாயம். அவர் போன பிறகு மாட்டியதும் அதே மாதிரிதான் செத்தது.

இப்போதைக்கு கிளாண்டைக் கீழ்ப்பக்கம் திருப்பிவிட்டேன். மோட்டார் ஷாஃப்டுக்கும் என்கோடருக்கும் நடுவே கரண்ட் கடத்தாத இன்சுலேட்டட் கப்ளிங் போட்டு இணைத்தேன். கேபிள் ஷீல்டையும் டிரைவ் பக்கம் சரியாகக் கட்டினேன். அந்தப் பையனை ஸ்டாண்டு பக்கமே விடுவதில்லை. கம்பி ஓடும்போது யாரும் அங்கே நிற்கக்கூடாது என்று தடுப்பு வைக்கச் சொல்லிச் சண்டை போட்டு வாங்கிவிட்டேன்.

ஆனால் எனக்கு வேண்டியது பேரிங்கே இல்லாத காந்த என்கோடர். ஷாஃப்டில் ஒரு காந்தச் சக்கரம், அதைத் தொடாமல் பக்கத்தில் ரெசின் ஊற்றி மூடிய சென்சார். மங்குவதற்குக் கண்ணாடி இல்லை, கரண்ட் ஓடுவதற்கு பேரிங் இல்லை. விலையைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறார்கள். ஒரு கோப்பிளுக்கு ஆகிற நஷ்டத்தை மணிக்கணக்கோடு எழுதி எஸ்டிமேட்டுடன் வைத்திருக்கிறேன். பையனின் தோளுக்கு என்ன கணக்கு எழுதுவது என்று தெரியாமல் அதை மட்டும் எழுதவில்லை.

உங்கள் பேப்பர் மில்லில் அந்த வகைதான் ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். சக்கரத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி எவ்வளவு வைத்தீர்கள்? சூட்டில் ஷாஃப்ட் நீளும்போது அது மாறுகிறதா? பக்கத்தில் இருக்கிற மோட்டார் பிரேக்கின் காந்தம் சிக்னலைக் கெடுக்கவில்லையா? நம்முடையதில் பிரேக் ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது. வழக்கம்போல ஆறு மாதம் கழித்து எழுதாதே. எஸ்டிமேட் மீட்டிங் இருபதாம் தேதி.

உன்,
ரூம் நம்பர் 9