நார்னியாவை எங்கிருந்து தொடங்குவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுவர் வாசிப்பு குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் நார்னியா என்ற கற்பனை உலகை வைத்து எழுதிய சிறுவர் நூல்களை ‘மந்திரவாதியின் மருமகன்’ கதையிலிருந்து தொடங்குமாறு பரிந்துரைத்திருந்தது. இதிலிருந்து நான் உறுதியாக மாறுபடுகிறேன்.

1950 முதல் 1956 வரை ஆண்டுக்கொன்றாக வெளிவந்த 7 நூல்களில், ‘சிங்கம், சூனியக்காரி, அலமாரி’ முதலாவதாகவும், நார்னியா பிறந்த கதையைச் சொல்லும் ‘மருமகன்’ 1955இல் ஆறாவதாகவும் வந்தன. கதை நிகழும் கால வரிசையில் எண்ணிடும் வழக்கம் பதிப்பாளர்களிடையே பின்னர் பரவியது. 1957இல் ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் லூயிஸே கால வரிசையை ஆதரித்தார் என்பது உண்மைதான். எனினும் வரிசை பெரிய விஷயமல்ல என்ற பொருளிலும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

லூயிஸின் கடிதத்தைவிட அவருடைய கதையே வலுவான சான்று. முதல் நூலில், விலங்கு மென்மயிர் அங்கிகளை விலக்கிக்கொண்டு அலமாரிக்குள் நடக்கும் சிறுமி லூசி, காலடியில் பனியையும் காட்டின் நடுவே எரியும் விளக்குக் கம்பத்தையும் காணும்போது, வாசிக்கும் குழந்தையும் அவளைப் போலவே ஒன்றும் அறியாமல் வியக்க வேண்டும். அஸ்லான் (நார்னியாவின் சிங்கம்) யார் என்பது உங்களைப் போலவே லூசி முதலிய கதைக் குழந்தைகளுக்கும் தெரியாது என்று கதைசொல்லி அங்கே வெளிப்படையாகவே கூறுகிறார். ‘மருமகனை’ முன்பே படித்துவிட்ட குழந்தையிடம் அந்த வரி பொருளற்றுப் போகிறது. மாறாக, அக்கம்பம் எப்படி முளைத்தது என்பதை ஐந்து நூல்களுக்குப் பின் ‘மருமகனில்’ அறிவதோ பெரும் மகிழ்ச்சி.

ஆகவே பெற்றோரும் நூலகர்களும் அட்டையிலுள்ள எண்ணைப் பாராமல், அலமாரிக் கதையையே குழந்தைகளிடம் முதலில் கொடுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்