முன்னால் 70% கோகோ, பின்னால் 48 கிராம் சர்க்கரை: டார்க் சாக்லேட் ஸ்லாப் பற்றிய புகார்

அனுப்புநர்:
வீட்டில் சாக்லேட் செய்து விற்போர்,
பெரம்பூர், சென்னை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 500 கிராம் டார்க் ஸ்லாப் 6-க்கான பணத்தைத் திருப்பித் தருவதும், லேபிளைத் திருத்துவதும்.

ஐயா/அம்மா,

ஸ்லாப் ஒன்று ரூ.310 வீதம் ஆறு வாங்கினோம், மொத்தம் ரூ.1,860. உறையின் முன்பக்கம் "70% டார்க்" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. பின்பக்கம் 100 கிராமுக்குச் சர்க்கரை 48 கிராம். கோகோ 70 என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சம் 30தான். இந்த இரண்டில் ஒன்று பொய்.

எது பொய் என்பதையும் உங்கள் லேபிளே சொல்கிறது. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. உங்கள் வரிசை: சர்க்கரை, ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு, கோகோ பவுடர், லெசித்தின். சர்க்கரை போக மிஞ்சும் 52 கிராமில் கொழுப்பு கோகோவுக்கு முன்னால் நிற்கிறது. ஆக, கோகோ 26 கிராமைத் தாண்ட வழியே இல்லை. கோகோ விதையின் இயற்கைக் கொழுப்பான கோகோ பட்டர் பட்டியலிலேயே கிடையாது. சாக்லேட் என்று விற்பதில் கோகோ பட்டர் அல்லாத தாவரக் கொழுப்பு 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உங்களுடையது கம்பவுண்ட், அதாவது கோகோ பட்டருக்குப் பதில் தாவரக் கொழுப்பில் செய்தது.

கம்பவுண்ட் மீது எங்களுக்குப் பகையில்லை. டெம்பர் செய்ய (உருக்கி, ஆற்றி, மறுபடி லேசாகச் சூடேற்றிப் பதப்படுத்த) வேண்டாம், சென்னை வெயிலைக் கொஞ்சம் தாங்கும், கேக் மேல் ஊற்ற நல்லது. ஆனால் சவுகார்பேட்டை மொத்தக் கடையில் கம்பவுண்டைக் கம்பவுண்ட் என்று சொல்லித்தான் தருவார்கள். அதற்கேற்ற விலைதான் வாங்குவார்கள்.

நஷ்டம் வந்தது இதனால்தான். செலவைக் குறைக்க, 300 கிராம் கூவர்ச்சரோடு (கோகோ பட்டர் மிகுந்த அசல் சாக்லேட்) உங்கள் ஸ்லாப்பில் 200 கிராம் கலந்தோம். 46 டிகிரியில் உருக்கி, 28-க்கு இறக்கி, மறுபடி 31-க்கு ஏற்றி மோல்டில் ஊற்றினோம். ஃபிரிட்ஜில் வைத்தும் மோல்டை விட்டுக் கழலவில்லை. தட்டி எடுத்த துண்டுகள் ஒடிக்கும்போது 'டக்' என்று முறியாமல் களிமண் போல வளைந்தன. மூன்றாம் நாள் மேலெல்லாம் சாம்பல் பூத்தது. கோகோ பட்டரும் கம்பவுண்டில் போடும் பாம் கர்னல் (எண்ணெய்ப்பனை விதை) வகைக் கொழுப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒன்றின் படிகத்தை மற்றொன்று கெடுக்கும். இரண்டும் தனித்தனியாக இருப்பதைவிடக் கலவை இளகிவிடும். லேபிள் உண்மை பேசியிருந்தால் இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போட்டிருக்கவே மாட்டோம்.

போனில் பேசிய உங்கள் ஊழியர், "வெயில் காலம், வெள்ளை படியும்" என்றார். அதே நாள், அதே தட்டில், தனிக் கூவர்ச்சர் ஊற்றிய மோல்டுகள் பளபளவென்று இருக்கின்றன. பூத்ததை விரலால் தேய்த்தால் சூட்டில் கரைந்து மறைகிறது, அது கொழுப்பு. ஈரத்தால் வரும் சர்க்கரைப் பூப்பு என்றால் சொரசொரப்பு விரலில் தட்டுப்பட்டிருக்கும்.

ரூ.1,860-ஐத் திருப்பித் தாருங்கள். கூவர்ச்சர் வீணானதற்கான கணக்கைத் தனியாக இணைத்துள்ளோம். "70%" எதில் 70 என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்த அச்சில் முன்பக்கத்திலேயே "கம்பவுண்ட்" என்று போடுங்கள்.

பில் நகல், உறையின் இரு பக்கப் படங்கள், பேட்ச் எண் இணைப்பில் உள்ளன. ஒரு ஸ்லாப்பைப் பிரிக்காமல் வைத்திருக்கிறோம். 15 நாளில் பதில் வராவிட்டால் அது உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் போகும். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்வோம்.

இப்படிக்கு,
பெரம்பூர் வாடிக்கையாளர்கள்