கிடப்பில் கிடந்த 'லெட் இட் பீ'

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் 'லெட் இட் பீ' ஆல்பத்தை அவர்களுடைய பிரியாவிடை என்று எழுதியிருந்தது. சரி, கடைசியாகக் கடைக்கு வந்தது அதுதான், 1970 மே 8 அன்று. ஆனால் ஓராண்டுக்கும் மேல் கிடப்பில் கிடந்ததால்தான் அது நமக்குப் பிரியாவிடையாகக் கேட்கிறது.

அதிலுள்ள பாடல்களில் பெரும்பாலானவை 1969 ஜனவரியில் பதிவானவை. அவர்களுடைய இன்னொரு ஆல்பமான 'அபே ரோடு' பெருமளவு அதற்குப் பிறகு பதிவாகி, அந்தச் செப்டம்பரிலேயே வந்துவிட்டது. ஜனவரியில் அவர்கள் நினைத்தது ஒட்டுவேலை இல்லாத ஒரு ஆல்பம். நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து நேராக வாசிப்பது. மனஸ்தாபத்தில் நால்வரில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன் 10ஆம் தேதி வெளியேறினார், மறுக்கவில்லை. ஆனால் அவர் திரும்பி வந்து, லண்டன் சாவில் ரோவில் இருந்த தங்கள் கட்டடத்தின் அடித்தளத்துக்கு இடம் மாறி, அமெரிக்க இசைக்கலைஞர் பில்லி பிரெஸ்டனும் எலெக்ட்ரிக் பியானோவோடு சேர்ந்துகொண்டதும் வாசிப்பு களைகட்டிவிட்டது. 30ஆம் தேதி மொட்டை மாடியில் குளிரில் நின்று 'ஒன் ஆஃப்டர் 909' பாடுகிறார்கள். குழுவின் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் பதின்வயதில் எழுதிய பாட்டு. அந்தக் குரல்களில் இருக்கும் குஷியைக் கேட்ட யாருக்கும் பிரிவு என்ற நினைப்பே வராது.

ஒலிப்பொறியாளர் கிளின் ஜான்ஸ் இவற்றை 'கெட் பேக்' என்ற பெயரில், பேச்சும் தடுமாற்றமும் அப்படியே இருக்கும்படி தொகுத்தார். முதல் ஆல்பத்துக்குப் படம் எடுத்த அதே இடத்தில், அதே புகைப்படக்காரர் ஆங்கஸ் மெக்பீனைக் கொண்டு அட்டைப்படம்கூட எடுத்தாகிவிட்டது. அப்புறம் வேண்டாம் என்றார்கள். 1970 ஜனவரியில் ஜான்ஸ் மாற்றிக் கொடுத்ததும் எடுபடவில்லை.

பிறகு ஒலிநாடாக்கள் இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் கைக்குப் போயின. ஏப்ரல் 1 அன்று அவர் 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு' பாட்டின் மேல் வயலின்களையும் ஹார்ப்பையும் பெண்கள் கோரஸையும் ஏற்றினார். பாட்டை எழுதிய மெக்கார்ட்னியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயலினையும் குரல்களையும் குறையுங்கள், ஹார்ப்பை எடுத்துவிடுங்கள் என்று மெக்கார்ட்னி, குழுவின் மேலாளர் ஆலன் க்ளைனுக்குக் கடிதம் எழுதியும் ஒன்றும் மாறவில்லை. ஒருவர் பாட்டில் இன்னொருவர் இப்படிக் கை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏப்ரல் 10 அன்றே பிரிவுச் செய்தி பத்திரிகைகளில் வந்துவிட்டது. மே மாதம் ஆல்பத்தை வாங்கியவர்கள் அந்தச் செய்தியோடுதான் கேட்டார்கள்.

ஜான்ஸின் தொகுப்பு 2021இல் வெளியான பெட்டித் தொகுப்பில் முறையாக வந்திருக்கிறது. உங்கள் கட்டுரையில் அவர் பெயரே இல்லை. அடுத்த முறை பீட்டில்ஸைப் பற்றி எழுதும்போது அவருக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி