மூச்சுக்குழாயில டியூப் போட கஷ்டமாச்சுன்னா அத லெட்டரா எழுதி பேஷண்ட் கையில குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷனுக்கு முன்னாடி, போன தடவை மயக்கம் குடுத்தப்ப ஏதாவது பிரச்னை வந்துச்சான்னு கட்டாயம் கேப்போம், நெறைய பேர் இல்ல டாக்டர்னுதான் சொல்வாங்க, கொஞ்சம் துருவிக் கேட்டா 'தொண்டை மட்டும் ஒரு வாரம் எச்சில் முழுங்க முடியாம வலிச்சுது, முன்பல்லு ஒண்ணு உடைஞ்சிருந்துச்சு'ன்னு வரும். எங்களுக்கு அங்கயே பகீர்னு ஆயிடும். மூச்சுக்குழாயில டியூப் போட யாரோ ரொம்பப் போராடியிருக்கலாம், ஆனா டிஸ்சார்ஜ் சம்மரியில அதப்பத்தி ஒரு வரி இருக்காது.

வாயைத் தொறக்கச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லி, கழுத்தை அண்ணாந்து பாக்கச் சொல்றோமே, அதுலயே தெரியாதான்னு கேக்கலாம். பெரும்பாலும் தெரியாது. டென்மார்க்ல 1,88,000 பேருக்கு மேல ரெக்கார்ட் பாத்து 2015-ல வந்த ஆய்வுல, டியூப் போட கஷ்டமான கேஸ்ல 93 சதவீதம் யாரும் முன்கூட்டி எதிர்பாக்காதது. தசையைத் தளர்த்துற மருந்து உள்ள போனப்புறம் பேஷண்டால தானா மூச்சு விட முடியாது, மாஸ்க்லயும் காத்து போகலைன்னா சில நிமிஷத்துல மூளை பாதிக்கும். அந்த நேரத்துல திரும்பத் திரும்ப டியூப்பையே முயற்சி பண்ணா உள்ள வீங்கி இருக்குற வழியும் அடைச்சுக்கும், சட்டுனு எல்எம்ஏ-வுக்கு (மூச்சுக்குழாய்க்குள்ள போகாம, தொண்டையில குரல்வளைக்கு மேல வச்சு காத்து குடுக்குற கருவி) மாறணும், அதுவும் ஆகலைன்னா கழுத்துக்கு முன்பக்கம் கத்தி வச்சு மூச்சுக்கு வழி பண்ணணும்.

முன்னாடியே தெரிஞ்சிருந்தா கதையே வேற. முழிச்சிருக்கும்போதே தொண்டையை மரத்துப்போக வச்சு, அவர் தானா மூச்சு விட்டுக்கிட்டு இருக்க, ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப் (உள்ள பாக்க உதவுற, வளையுற மெல்லிசான குழாய்) வழியா நிதானமா டியூப் போடலாம். சில ஆபரேஷனை முழு மயக்கம் இல்லாம, ஸ்பைனல்லயே (முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப்போக வைக்கிறது) முடிச்சுடலாம்.

2016-ல ஆல் இந்தியா டிஃபிகல்ட் ஏர்வே அசோசியேஷன் (இந்த மாதிரி டியூப் போட கஷ்டமான கேஸுக்கான டாக்டர்கள் சங்கம்) கொண்டுவந்த வழிகாட்டுதல்லயும், டியூப் போட கஷ்டமாச்சுன்னா அத பேஷண்டுக்குத் தெரியப்படுத்தணும்னுதான் இருக்கு. நடைமுறையில கேஸ் ஷீட்ல எழுதுனது ரெக்கார்ட் ரூமுக்குள்ள போயிடுது. சொன்னா சண்டைக்கு வருவாங்கன்னு தயங்குறவங்களும் உண்டு, ஆனா முக்காவாசி நேரம் இது யாரோட தப்பும் இல்ல, அந்த உடம்போட அமைப்பு அப்படி, அத மறைச்சா அடுத்து மயக்கம் குடுக்குற டாக்டர் இருட்டுல நிக்குறாரு.

மாஸ்க்ல காத்து போச்சா, எதால டியூப் போட முடியல, கடைசியில எது கைகுடுத்துச்சு, இந்த மூணையும் ஒரு லெட்டர்ல எழுதி பேஷண்ட் கையில குடுக்கணும்னு எல்லா ஆஸ்பத்திரிக்கும் அரசு உத்தரவு போடணும். லெட்டர் கெடைச்சவங்க அத ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க, வீட்டுல இன்னொருத்தருக்கும் அனுப்பி வைங்க, ஏன்னா எமர்ஜென்சியில வரும்போது உங்களால பேச முடியாம இருக்கலாம்.

இப்படிக்கு,
மயக்க மருந்து டாக்டர் ஒருத்தர், திருச்சி