பை காக்கும் பாட்டிக்கும் முழுக் கட்டணமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேரப்பிள்ளைகள் மூவரையும் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துப் போவதாக வாய்விட்டுவிட்டேன். அதற்காக ஓராண்டு ஓய்வூதியத்தில் மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி, சென்ற மாதம் போய் வந்தோம். காலமெல்லாம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். புறப்படும் முன்பே நோட்டுப் புத்தகத்தில் வரவு செலவு போட்டுவிட்டேன். "அம்மா பட்ஜெட் தாக்கல் செய்கிறாள்" என்று மகன் கேலி செய்தான். செய்யட்டும்.

போட்ட கணக்கு பெரும்பாலும் பலித்தது. சனி, ஞாயிறைத் தவிர்த்ததில் கட்டணமும் குறைந்தது, வரிசையும் குறைந்தது. முன்கூட்டியே இணையத்தில் டிக்கெட் எடுத்ததால் தள்ளுபடி. தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் உடை கட்டாயம் என்பதை விதிமுறையில் படித்து வீட்டிலிருந்தே கொண்டுபோனோம், வாடகை மிச்சம். இவற்றையெல்லாம்விட நன்றாக வேலை செய்தது பணப்பை. ஆளுக்கொரு சிறு பை, மூன்றிலும் ஒரே தொகை. "பொம்மையோ ஐஸ்கிரீமோ புகைப்படமோ உங்கள் இஷ்டம், தீர்ந்தால் தீர்ந்ததுதான்" என்றேன். சவாரி முடிந்து வெளியே வரும் வழியெல்லாம் கடைக்குள்தான் போகிறது. பெரியவள் அங்கே விளக்கு மினுக்கும் தலைப்பட்டை ஒன்றை எடுத்தாள், விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கிவிட்டு வைத்துவிட்டாள். என் பணமாக இருந்திருந்தால் வைத்திருப்பாளா?

துண்டு விழுந்தது உயரத்தில்தான். ஒன்பது வயதுப் பேரன் செருப்பில்லாமல் 138 சென்டிமீட்டர். நாங்கள் போன இடத்தில் 130-ஐத் தாண்டினால் பெரியவர் கட்டணம், கட்டினோம். உள்ளே, அவன் ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருந்த ரோலர் கோஸ்டருக்கு 140 வேண்டுமாம். அளவுகோலின் முன்னால் நின்று மூச்சை இழுத்துப் பிடித்தான். குதிகால் மெல்ல மேலே எழுந்தது. ஊழியர் அவன் காலைப் பார்த்தார், சிரித்தார், முடியாது என்று தலையசைத்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. தோளை அழுத்திப் பிடிக்கும் கம்பி குறிப்பிட்ட உடலளவுக்குத்தான் பொருந்தும். சிறிய உடம்பு நழுவிவிடும். அந்த இடத்தில் இரண்டு சென்டிமீட்டர்கூட இரக்கம் காட்டக் கூடாது. ஆனால் பணம் வாங்கும்போது பெரியவன், ஏற்றும்போது சிறுவன் என்றால் எந்தக் கணக்கில் சேர்த்தி? எந்தச் சவாரிக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று டிக்கெட் எடுக்கும் பக்கத்திலேயே போட்டிருந்தால் வீட்டுச் சுவரில் கோடு கிழித்துப் பார்த்துவிட்டே கிளம்பியிருப்பேன்.

இனி என் கதை. இருதய நோய், உயர் ரத்த அழுத்தம், முதுகுவலி, கழுத்துவலி உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று ஒவ்வொரு பெரிய சவாரியின் வாசலிலும் பலகை. நான்கில் இரண்டு என்னிடம் உண்டு. ஆகவே காலையிலிருந்து மாலை வரை நான்கு பைகள், ஈரத் துண்டுகள், ஒரு மூக்குக்கண்ணாடி ஆகியவற்றுக்குக் காவலாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சுற்றுமுற்றும் என்னைப் போலவே இன்னும் பல பாட்டி, தாத்தாக்கள். ஏறியது ஒரே ஒரு சவாரி: கடைக்குட்டியைப் பிடித்துக்கொள்ள குதிரை ராட்டினம். அதற்கு முழு டிக்கெட்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பூங்காக்களுக்கெல்லாம் முன்மாதிரியான டிஸ்னிலாந்தே ஒரு பெஞ்சிலிருந்து பிறந்ததுதான். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கிரிஃபித் பூங்காவில் மகள்கள் ராட்டினம் சுற்ற, வால்ட் டிஸ்னி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பாராம். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியதாகப் பின்னாளில் அவரே சொன்னார். 1955-இல் அது திறக்கப்பட்டபோது நுழைவுக்கு ஒரு டாலர், சவாரிகளுக்குத் தனித்தனியே சில்லறைக் காசு. உட்கார்ந்திருப்பவர் உட்காருவதற்கு மட்டும் கொடுத்தார். 1982-இல்தான் அங்கே சவாரிச் சீட்டுகளை அறவே ஒழித்து எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் என்றாக்கினார்கள்.

நாள் முழுக்க ஓடுகிற பதின்மூன்று வயதுக்கு ஒரே டிக்கெட் லாபம்தான்; மறுக்கவில்லை. மூத்த குடிமக்கள் சலுகையும் சில இடங்களில் உண்டு. நான் கேட்பது வயதுக்கான தள்ளுபடி அல்ல. எழுபது வயதில் ரோலர் கோஸ்டர் ஏறுகிறவர் முழுதாகக் கொடுக்கட்டும். ஏறாமல் துணைக்கு வருகிறவருக்கு, அவர் பாட்டியோ கர்ப்பிணித் தாயோ, நுழைவுக்கு மட்டும் ஒரு டிக்கெட் வைத்தால் என்ன? வேறு நிறத்தில் ஒரு கைப்பட்டை கட்டிவிட்டால் யாரும் ஏமாற்றவும் முடியாது. எங்களை நம்பித்தானே பெற்றோர் இருவரும் ஒன்றாக வரிசையில் நிற்கிறார்கள்?

அடுத்த ஆண்டு நோட்டில் முதல் பக்கம் எழுதியாகிவிட்டது. பேரன் அதற்குள் 140-ஐ எட்டிவிடுவான். என் பெயருக்கு நேரே தொகை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மூன்று பேரப்பிள்ளைகளின் பாட்டி