மிச்சம் பிடிக்க எதுவும் இல்லாத வீடுகள்

எரிசக்திச் சிக்கனத் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எத்தனை யூனிட் மிச்சமானது என்று உங்கள் ஆண்டறிக்கையில் ஒரு பத்தி கட்டாயம் இருக்கும். என் வழக்கு அந்தப் பத்தியோடுதான்.

ஒரு சின்னக் கணக்கு. பழைய மின்விசிறி 75 வாட். பில்லுக்குப் பயந்து ஒரு வீட்டில் அதை நாளுக்கு 5 மணி நேரம்தான் ஓட்டுகிறார்கள். பிள்ளை தூங்கியதும் யாராவது எழுந்துபோய் அணைத்துவிடுவார்கள். ஆக, 375 வாட்மணி. அங்கே குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை 30 வாட் பிஎல்டிசி விசிறி மாட்டினால் பயமில்லாமல் 12 மணி நேரம் ஓடும், 360 வாட்மணி. அவர்களுக்குக் கிடைத்தது 7 மணி நேரக் காற்று. உங்கள் பதிவேட்டில் ஏறுவதோ வெறும் 15 வாட்மணி! வசதியான வீட்டில் நாலு அறைக்கும் அதே விசிறியை மாற்றினால் மிச்சம் மளமளவென்று ஏறும். மானியம் எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்ல வேண்டுமா?

அந்த 7 மணி நேரத்துக்கு வல்லுநர்கள் வைத்த பெயர் ‘மீள்விளைவு’. சேமிப்பில் கழித்துக்கொள்ள வேண்டிய நஷ்டமாம்.

குறைந்த வருமானம், ஏறும் கட்டணம், ஆற்றலை விழுங்கும் வீடும் சாதனமும் என்று எரிசக்தி வறுமைக்கு, அதாவது தேவையான மின்சாரத்துக்கும் எரிபொருளுக்கும் காசு போதாத நிலைக்கு, மூன்று காரணம் சொல்வார்கள். மூன்றாவது உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் வாடகை வீட்டில்? கூரைக்கு வெப்பத்தடுப்புப் போட வேண்டியவர் வீட்டுக்காரர், பில் கட்டுபவர் குடியிருப்பவர். பலன் அடுத்தவருக்கு என்றால் யார் கைக்காசைப் போடுவார்? அப்புறம், முழு விலை கொடுத்து வாங்கு, மானியம் பிறகு வரும் என்கிறீர்கள். கையில் காசில்லாதவர் அங்கேயே நின்றுவிடுகிறார். வருமான வரிச் சலுகை அதைவிட வேடிக்கை. வரி கட்டும் அளவுக்குச் சம்பாத்தியம் இல்லாதவருக்கு எதில் கழிப்பீர்கள்? திட்டச் செலவை எல்லோர் பில்லிலும் ஏற்றும்போது மட்டும் அவரை மறப்பதில்லை.

பிரிட்டனில் 1991இல் முன்வைத்த அளவுகோல், வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் எரிசக்திக்குத் தேவைப்பட்டால் அது வறுமை என்றது. தேவைப்படும் செலவு, கட்டிய பில் அல்ல. பில்லை மட்டும் பார்த்தால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பவர் ஏழையே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த விதி, சேமிப்பில் ஒரு பங்கு எரிசக்தி வறுமையில் இருக்கும் வீடுகளிலிருந்து வர வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் அங்கும் எண்ணுவது மிச்சத்தை.

ஆகவே ஒரு கோரிக்கை. மிச்சமான யூனிட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: கூடுதலாகக் கிடைத்த காற்று, வெளிச்சம், கதகதப்பு எத்தனை மணி நேரம்? அடுத்த நிதி ஒதுக்கீட்டில் அந்தக் கட்டத்தையும் பாருங்கள்.

இப்படிக்கு,
பில் கட்டும் ஒருவர்